கரைக்கடல் பாக்டீரியா பருவத்தோடு எப்படி மாறுகிறது? பரங்கிப்பேட்டைக் கரையில் அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

கரையோரக் கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில லட்சம் முதல் சில பத்து லட்சம் வரை பாக்டீரியா இருக்கும். பெரும்பாலான கரைகளில் இந்த எண்ணிக்கை ஆண்டு முழுவதும் சில மடங்குக்குள்தான் ஏறி இறங்கும். எந்தெந்த இனங்கள் இருக்கின்றன, எது எவ்வளவு என்பது மட்டும் பருவத்துக்குப் பருவம் பெரிய அளவில் மாறும். அந்த மாற்றத்தை அளக்க ஒரு கல்லூரி ஆய்வகமும் ஒரு ஃபைபர் படகும் போதும். அளவீட்டை விடக் கடினமானது ஒழுங்கு. மழைக்காலத்தில் ஒரு விதமாகவும் கோடையில் வேறு விதமாகவும் நீரைக் கையாண்டால் அதுவும் வரைபடத்தில் “பருவ மாற்றம்” போலவே தெரியும். எந்தக் கட்டத்தில் அப்படிப் பிசகும், அதை எப்படித் தடுப்பது என்பதற்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

உதாரணத்துக்குக் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். வெள்ளாறு கடலில் சேரும் இடம். தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு, அதற்கும் தெற்கே கொள்ளிடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இங்கே இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தரவும் நிறையக் கிடைக்கும்.

பருவத்தைக் காலண்டரில் தேடாதீர்கள்

சோழமண்டலக் கரை ஆய்வுகளில் ஆண்டை நான்காகப் பிரிப்பது வழக்கம். ஜனவரி முதல் மார்ச் வரை பின்பருவமழை, ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடை, ஜூலை முதல் செப்டம்பர் வரை முன்பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழை. அறிக்கை எழுத இந்தப் பிரிவு வசதியானது. ஆனால் பாக்டீரியாவுக்கு மாதம் தெரியாது. அது இருக்கும் நீரின் உப்பும் வெப்பமும் சத்தும்தான் அதைப் பாதிக்கும்.

2018 ஆகஸ்டை எண்ணிப் பாருங்கள். காவிரி உபரிநீர் கொள்ளிடத்தில் பெருக்கெடுத்து, முக்கொம்பு மேலணையில் மதகுகளே உடைந்தன. காலண்டர்படி அது முன்பருவமழைக் காலம், கொள்ளிட முகத்துவாரத்திலோ வெள்ளக் காலம். அந்த மாத மாதிரியை “முன்பருவமழை” என்ற தலைப்பில் போட்டுச் சராசரி எடுத்தால், முடிவு எதையும் சொல்லாது. எனவே மாதப் பெயரைப் பதிவேட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பகுப்பாய்வில் உப்பளவு, வெப்பநிலை, கலங்கல், முந்தைய ஏழு நாள் மழையளவு ஆகியவற்றைத் தொடர் எண்களாகப் பயன்படுத்துங்கள்.

குளிர்நாட்டுக் கடல் ஆய்வுகளைப் படித்துவிட்டு இங்கே அதையே எதிர்பார்ப்பதும் தவறு. ஜெர்மனியின் ஹெல்கோலாந்து தீவருகே குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே நீரின் வெப்பநிலை பதினைந்து டிகிரி அளவுக்கு வேறுபடும். அங்கே வசந்தத்தில் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகி மடியும்போது ஃபார்மோசா, போலாரிபாக்டர் போன்ற ஃபிளேவோபாக்டீரியா (பாசியின் சர்க்கரைகளைச் சிதைக்கும் ஒரு குழு) ஒன்றன்பின் ஒன்றாக எழுவதை 2009ஆம் ஆண்டு மாதிரிகளில் கண்டார்கள். இங்கிலாந்தின் பிளிமத் அருகிலுள்ள எல்4 என்னும் நீண்டகாலக் கடல் ஆய்வு நிலையத்தில் ஆறாண்டுத் தரவை வைத்துப் பார்த்தபோது, பாக்டீரியா இனங்களின் பன்மையோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது பகல் நீளம். நம் கரையில் பகல் நீளம் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே மாறுகிறது. நீர் வெப்பநிலையும் பெரும்பாலும் 25க்கும் 32 டிகிரிக்கும் நடுவேதான். இங்கே பருவத்தை நடத்துவது உப்பு. வடகிழக்குப் பருவமழை ஆற்று நீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதே மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த வட பகுதி நீரையும் இழுத்து வருகிறது. பிப்ரவரி முதல் மே வரை நீரோட்டம் வடக்கே போகிறது, உப்பும் ஏறுகிறது. இந்த இரண்டையும் தவறவிடாத மாதிரித் திட்டம்தான் நமக்குத் தேவை.

எந்த நாள், எந்த நேரம்

மாதம் ஒரு முறை என்பது குறைந்தபட்சம். மாதம் இரண்டு முறை என்றால் நல்லது. “ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி” என்று வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். உயர் ஓத நேரம் (கடல்மட்டம் உச்சத்துக்கு ஏறும் நேரம்) நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போவதால், ஜனவரி 15 காலை ஏழு மணிக்கு உள்ளே ஏறும் கடல்நீரும் பிப்ரவரி 15 காலை ஏழு மணிக்கு வெளியே வடியும் ஆற்றுநீரும் உங்கள் பாட்டிலில் விழலாம். இக்கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் என்றாலும் முகத்துவாரத்தில் உப்பளவை முற்றிலும் மாற்ற அது போதும்.

இதற்குத் தீர்வு நாள்காட்டித் தாளிலேயே இருக்கிறது: திதி. ஒரே திதியில், ஒரே இடத்தில், உயர் ஓதம் கிட்டத்தட்ட ஒரே கடிகார நேரத்தில் வரும். ஓத அட்டவணையை எடுத்து, காலை 6 முதல் 8 மணிக்குள் உயர் ஓதம் வரும் ஒரு நாளைத் தேடுங்கள். அன்றைய திதியைக் குறித்துக்கொண்டு, வளர்பிறையிலும் தேய்பிறையிலும் அதே திதியில் போங்கள். இடைவெளி 14.77 நாள், ஆண்டுக்கு 24 அல்லது 25 மாதிரிகள். இதனால் ஓதமும் மாறாது, சூரிய நேரமும் மாறாது. இரண்டாவது முக்கியம். ஒளியைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்களும் அவற்றைச் சார்ந்தவையும் ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். மே மாதம் காலையிலும் நவம்பரில் மழை ஓய்ந்த மாலையிலும் எடுத்தால், பகல்–இரவு வேறுபாடு பருவ வேறுபாட்டோடு கலந்துவிடும். நேரம் அரை மணி, ஒரு மணி முன்பின் ஆவதைத் தவிர்க்க முடியாது. போகும் முன் அட்டவணையைச் சரிபாருங்கள்.

இவை போக, பெருமழைக்கென்று தனியாக நாட்களை ஒதுக்கி வையுங்கள். வெள்ளம் வடியத் தொடங்கிய முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள். இவற்றை வழக்கமான வரிசையோடு கலக்காமல் தனிப் பெயரிட்டு வைக்க வேண்டும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் போகக் கூடாது. விடுபட்ட மாதிரி விடுபட்டதாகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நின்றுவிடும். நாட்டுப் படகுக்காரரோடு முன்கூட்டியே பேசி வைத்தால் இந்த இரண்டு மாதமும் விடுபடாது. இழுவை வலை அடிக்கடலைக் கிளறாத காலமும் இதுதான் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கோடையில் நீர் தெளிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நிலையங்களும் நீர் எடுக்கும் முறையும்

மூன்று நிலையங்கள் போதும்: ஆற்றுக்குள் சில கிலோமீட்டர் தள்ளி ஒன்று, முகத்துவாரத்தில் ஒன்று, கடலில் 10 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஒன்று. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் கடல் நிலையத்தை வைத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தில் ஒரு மணி நேர வேறுபாடே நீரை மாற்றிவிடும். ஜிபிஎஸ் புள்ளியை ஒரு முறை முடிவு செய்தபின் மாற்றாதீர்கள். பிச்சாவரம் காட்டுக்குள்ளோ மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள்ளோ எடுப்பதானால் வனத்துறை அனுமதி முதலில்.

முந்தைய நாளே 5 லிட்டர் பாலிகார்பனேட் கேன்களைப் பத்து சத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரால் பல முறை அலசி, மூடி வையுங்கள். படகில் இயந்திரத்தை நிறுத்திய பிறகு, நீரோட்டம் வந்து மோதும் பக்கமாக நின்று, கையுறையோடு, நிஸ்கின் பாட்டிலை (வேண்டிய ஆழத்தில் மூடிக்கொள்ளும் மாதிரிப் பாட்டில்) அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். மேற்பரப்பை அள்ளக் கூடாது. அங்கே படியும் மெல்லிய படலத்தில் கொழுப்பும் தூசும் அவற்றை ஒட்டிய பாக்டீரியாவும் செறிவாக இருக்கும். காற்று ஓய்ந்த நாளில் அது தடிக்கும், வாடைக் காற்று வீசும் நாளில் சிதறும். இப்படியும் ஒரு போலிப் பருவம் உருவாகிவிடும்.

கேனை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு, 200 மைக்ரோமீட்டர் நைலான் வலை வழியாக நிரப்புங்கள். ஒரு துடுப்புக்காலி (இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய மிதவை உயிர்) உள்ளே வந்தாலும் அதன் மேலுள்ள விப்ரியோ பாக்டீரியா கணக்கைக் கெடுக்கும். ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று முறை தனித்தனியாகப் பாட்டிலை இறக்குங்கள். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று பங்கு எடுத்தால் அது ஆய்வகப் பிழையை மட்டுமே காட்டும், கடலின் வேறுபாட்டைக் காட்டாது.

கேன்களைக் கறுப்புத் துணியால் மூடி, பனிக்கட்டி நீருள்ள பெட்டியில் வையுங்கள். 30 டிகிரி நீரை அடைத்து வெயிலில் விட்டால் சில மணி நேரத்திலேயே உள்ளிருக்கும் கூட்டம் மாறத் தொடங்கும். ஆல்டெரோமோனாஸ், விப்ரியோ போன்ற வேகமாக வளரும் இனங்கள் பெருகிவிடும். பாட்டிலில் அடைத்த கடல்நீரில் பாக்டீரியா பெருகுவதை ஸோபெல்லும் ஆண்டர்சனும் 1936இலேயே காட்டியிருக்கிறார்கள். நீர் எடுத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் வடிகட்டி முடித்துவிட வேண்டும். வழக்கமாக மூன்று மணி நேரம் ஆகிறதென்றால் ஆண்டு முழுக்க அதே மூன்று மணி நேரம்தான்.

கூடவே அளக்க வேண்டியவை

வெப்பநிலை, உப்பளவு (ஆயிரம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு), பிஎச், கலங்கல் ஆகியவற்றைப் படகிலேயே அளந்துவிடுங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கரைந்த ஆக்சிஜனுக்கு விங்க்ளர் முறை (வினைபொருள் சேர்த்து டைட்ரேஷனில் அளப்பது). குமிழி இல்லாமல் நிரப்பி இரண்டு வினைபொருள்களையும் படகிலேயே சேர்த்துவிட வேண்டும். குளோரோஃபில்லுக்கு 500 மி.லி. நீரைக் கண்ணாடி இழை ஃபில்டரில் வடித்து, 90 சத அசிட்டோனில் இருட்டில், குளிரில் ஒரு நாள் வையுங்கள். நைட்ரேட், நைட்ரைட், பாஸ்பேட்டுக்கு வடித்த நீரை மைனஸ் 20இல் உறைய வைக்கலாம். அம்மோனியாவை அன்றே பார்த்துவிடுங்கள். சிலிக்கேட்டை உறைய வைக்கக் கூடாது, 4 டிகிரியில் வைக்க வேண்டும். உறைந்தால் சிலிக்கேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், நிறம் வராது. உப்புக் குறைந்து சிலிக்கேட் கூடிய வெள்ளக்கால நீரில் இது அதிகம். ஆற்று நீரின் முத்திரையே சிலிக்கேட் என்பதால், மிகவும் தேவைப்படும் மாதத்தில்தான் எண் தவறும்.

வடிகட்டுதல்: பெரும்பாலான ஆய்வுகள் பிசகும் இடம்

டிஎன்ஏவுக்கு 0.22 மைக்ரோமீட்டர் ஸ்டெரிவெக்ஸ் (உறைக்குள் அடைத்து வரும் ஃபில்டர்) அல்லது 47 மி.மீ. பாலிகார்பனேட் ஃபில்டர் பயன்படுத்தலாம். கோடையில் ஒரு லிட்டர் எளிதாக இறங்கும். நவம்பரில் 200 மி.லி.யிலேயே ஃபில்டர் சேறால் அடைத்துக்கொள்ளும். பலரும் இறங்கிய வரை வடித்துவிட்டு அளவை எழுதி வைக்கிறார்கள். கோடையில் ஐந்து மடங்கு நீர் போயிருப்பதால் அரிதான இனங்கள் அங்கே அதிகம் சிக்கும். அதற்குக் “கோடையில் பன்மை அதிகம்” என்று விளக்கமும் எழுதப்பட்டுவிடும்.

ஆண்டு முழுக்க ஒரே அளவு, 500 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய நாளில் அதையே இரண்டு அல்லது மூன்று ஃபில்டர்களில் பிரித்து வடித்து, பிரித்தெடுக்கும்போது ஒன்றுசேருங்கள். உறிஞ்சும் அழுத்தம் 200 மி.மீ. பாதரசத்துக்குள், ஒரு ஃபில்டருக்கு அரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும். அழுத்தத்தைக் கூட்டி அவசரமாக இழுத்தால் மெல்லிய செல்கள் உடைந்து டிஎன்ஏ வடிநீரோடு போய்விடும்.

முன்வடிகட்டல் வேண்டுமா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். 3 மைக்ரோமீட்டரில் வடித்து, பின் 0.22இல் வடித்தால் துகளோடு ஒட்டி வாழ்பவையும் தனித்து மிதப்பவையும் பிரிந்து கிடைக்கும். மழைக்காலத்தில் துகள் கூடுவதால் இந்தப் பிரிப்பு மிகவும் பயன்படும், செலவு இரட்டிப்பாகும். செலவைப் பார்த்து விட்டுவிடலாம், தவறில்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்ட மாதங்களில் மட்டும் முன்வடிகட்டுவதுதான் கூடாது. ஒட்டி வாழும் கூட்டம் முழுவதும் அந்த மாதங்களில் மட்டும் காணாமல் போகும்.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு வெற்று ஃபில்டர் வையுங்கள். கிருமிநீக்கிய நீரை அதே கேன், அதே குழாய் வழியாக வடித்தது. எல்லாவற்றையும் உடனே மைனஸ் 80இல் வைக்க வேண்டும். மின்வெட்டுள்ள ஊரில், லைசிஸ் திரவம் (செல்லை உடைக்கும் கரைசல்) சேர்த்தபின் உறைய வைப்பது பாதுகாப்பு.

டாபி எண்ணிக்கை

டிஎன்ஏ வரிசைப்படுத்தல் இனங்களின் விகிதத்தைத்தான் தரும். எண்ணிக்கை, டாபி (டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயம்) இட்டுப் பார்க்கும் நுண்ணோக்கியிலிருந்து வர வேண்டும். 9.5 மி.லி. நீரில், 0.2 மைக்ரோமீட்டரில் வடித்த 37 சத ஃபார்மால்டிஹைடு 0.5 மி.லி. சேருங்கள், இறுதிச் செறிவு ஏறத்தாழ 2 சதம். ஃபார்மலினைப் புகைப்பெட்டிக்குள் கையாளுங்கள். அது புற்றுநோய்க் காரணி.

இரண்டு நாளுக்குள் ஸ்லைடு போட்டு மைனஸ் 20இல் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். குப்பியிலேயே விட்டால் எண்ணிக்கை வாரா வாரம் குறையும். ஜனவரி மாதிரியை ஜூனில் எண்ணி, ஜூன் மாதிரியை ஜூலையில் எண்ணினால், கோடையில் பாக்டீரியா பெருகியது போல வரைபடம் வரும்.

25 மி.மீ. கறுப்பு பாலிகார்பனேட் ஃபில்டரைப் பளபளப்பான பக்கம் மேலே இருக்க, ஈரமான செல்லுலோஸ் ஃபில்டரின் மேல் வையுங்கள். அடியில் செல்லுலோஸ் இல்லாவிட்டால் செல்கள் திட்டுத் திட்டாகச் சேரும். மாதிரி 1 மி.லி.யோடு துகளற்ற கடல்நீர் 2 மி.லி. சேருங்கள், திரவம் இரண்டு மி.லி.க்குக் குறைந்தால் சீராகப் பரவாது. டாபியை மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் என்ற இறுதிச் செறிவில் சேர்த்து, பத்து நிமிடம் இருட்டில் விட்டு, மெதுவாக இழுங்கள். ஆயிரம் மடங்கு பெருக்கத்தில், குறைந்தது 20 புலங்கள், மொத்தம் 400 செல்லுக்குக் குறையாமல் எண்ணுங்கள். புலங்களை ஃபில்டரின் நடுவில் மட்டும் எடுக்காமல் விளிம்பு வரை பரவலாக எடுக்க வேண்டும்.

கணக்கு இப்படி: புனலின் உள்விட்டம் 16 மி.மீ. என்றால் வடிந்த பரப்பு 201 சதுர மி.மீ. கட்டம் 100க்கு 100 மைக்ரோமீட்டர், அதாவது 0.01 சதுர மி.மீ. பெருக்கெண் 20,100. ஒரு கட்டத்துக்குச் சராசரி 40 செல் என்றால் 8,04,000. ஃபார்மலின் சேர்த்ததற்கான திருத்தம் 10/9.5. ஆக மி.லி.க்கு ஏறத்தாழ 8.5 லட்சம். ஃபில்டரின் முழு 25 மி.மீ. விட்டத்தைக் கணக்கில் எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு; எண்ணிக்கை இரண்டரை மடங்கு கூடிவிடும்.

கலங்கிய நீரில் மண் துகள்கள் மஞ்சளாக ஒளிரும், செல்லை மறைக்கும். மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, சோடியம் பைரோபாஸ்பேட் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்தபடி சிறிது நேரம் ஒலியதிர்வு கொடுங்கள். அடிமண்ணில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் நூறு கோடி பாக்டீரியா இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வாடைக் காற்று கிளப்பிவிட்ட கொஞ்சம் சேறே நீரின் எண்ணிக்கையை ஏற்றிவிடும். கலங்கல் அளவு இல்லாத எண்ணிக்கையை நம்ப முடியாது.

தட்டில் வளர்ப்பது பற்றி

ஸோபெல் 2216 அகாரில் (கடல் பாக்டீரியாவுக்கான வளர்ப்பு ஊடகம்) வளர்வது நுண்ணோக்கியில் எண்ணியதில் பெரும்பாலும் ஒரு சதத்துக்கும் கீழே. கடலில் அதிகம் காணப்படும் சார்11 கூட்டம் அதில் வளரவே வளராது. எனவே தட்டு எண்ணிக்கையை “மொத்த பாக்டீரியா” என்று எழுதாதீர்கள். விப்ரியோ போன்ற குறிப்பிட்ட குழுக்களைத் தொடரவும், இனங்களைச் சேமித்து வைக்கவும் தட்டு இன்றும் தேவை.

மாதிரியைக் கிருமிநீக்கிய 50 சதக் கடல்நீரில் பத்து மடங்காகவும் நூறு மடங்காகவும் நீர்க்கச் செய்து, 0.1 மி.லி. பரப்புங்கள். காய்ச்சி வடித்த நீர் வேண்டாம், கடல் செல்கள் வெடித்துவிடும். 28 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நாள் வைத்து, 30 முதல் 300 காலனி உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். நூறு மடங்கு நீர்த்த தட்டில் 86 காலனி என்றால் மி.லி.க்கு 86,000. வெள்ளக் காலத்தில் பாதி உப்புள்ள தட்டு ஒன்றும் இணையாகப் போடுங்கள். உப்பு ஐந்தே உள்ள நீரில் வாழ்ந்தவை முழுக் கடல் உப்புத் தட்டில் வளராமல் போகும். அந்தப் போலிச் சரிவும் பருவத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். விப்ரியோவுக்கு டிசிபிஎஸ் அகார். அதை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது, கொதிக்க வைத்தால் போதும். மஞ்சள், பச்சைக் காலனிகளைத் தனித்தனியாக எண்ணுங்கள். நிறத்தை மட்டும் வைத்து இனப்பெயர் எழுத வேண்டாம். கையில் காயம் இருந்தால் கோடை நீரையும் இந்தத் தட்டுகளையும் கையுறையின்றித் தொடாதீர்கள். விப்ரியோ வல்னிஃபிகஸ் காயத்தின் வழியே நுழையக்கூடியது.

டிஎன்ஏ முதல் வரிசை வரை

டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட் வாங்க முடிந்தால் வாங்குங்கள்; ஈராண்டுக்குத் தேவையானதை ஒரே லாட்டில் வாங்குவது நல்லது. இல்லையென்றால் ஸ்டெரிவெக்ஸுக்குள்ளேயே 1.8 மி.லி. லைசிஸ் திரவம்: இடிடிஏ 40 மில்லிமோலார், டிரிஸ் 50 மில்லிமோலார், சுக்ரோஸ் 0.75 மோலார். லைசோசைம் மி.லி.க்கு 1 மி.கி. சேர்த்து 37 டிகிரியில் 45 நிமிடம். பிறகு புரோட்டினேஸ் கே மி.லி.க்கு 0.2 மி.கி.யும் எஸ்டிஎஸ் ஒரு சதமும் சேர்த்து 55 டிகிரியில் ஒரு மணி நேரம். அதன்பின் வழக்கமான ஃபீனால்–குளோரோஃபார்ம். மி.லி.க்குப் பத்து லட்சம் செல் உள்ள 500 மி.லி. நீரில் கோட்பாட்டளவில் ஒரு மைக்ரோகிராம் அளவுக்கு டிஎன்ஏ இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு கையில் வந்தால் நல்ல பிரித்தெடுப்பு.

மாதிரிகளைக் காலவரிசையில் பிரித்தெடுக்காதீர்கள். “மழைக்கால மாதிரிகளை இந்த வாரம், கோடையை அடுத்த வாரம்” என்று செய்தால் கிட் மாற்றம், கை மாற்றம் எல்லாம் பருவத்தின் மேலேயே விழும். பின்னால் எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. சீட்டுக் குலுக்கி வரிசையைக் கலைத்துவிடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வெற்று மாதிரியும், இன விகிதம் தெரிந்த செயற்கைக் கலவை ஒன்றும் இருக்கட்டும்.

பிசிஆர் என்னும் டிஎன்ஏ பெருக்க வினையில் எந்தப் பகுதியைப் பெருக்குவது என்று குறிக்கும் சிறு துண்டு பிரைமர். அதன் தேர்வில் அலட்சியம் கூடாது. பாக்டீரியாவை இனம் காண உதவும் 16எஸ் மரபணுவின் வி4 பகுதிக்கான பழைய 806ஆர் பிரைமர் சார்11ஐச் சரியாகப் பிடிக்காது. அதற்கு 2015இல் திருத்தம் வந்தது. பழைய 515எஃப் கடலின் அம்மோனியா உண்ணும் ஆர்க்கியாவை (பாக்டீரியா போன்ற வேறொரு நுண்ணுயிர் வகை) தவறவிட்டது. 515எஃப்-ஒய் என்று திருத்தினார்கள். கடல் வேலைக்கு 515எஃப்-ஒய், 926ஆர் ஜோடி நல்ல தேர்வு. வி4, வி5 இரண்டும் கிடைக்கும். பிசிஆரை மூன்று குழாயில் தனித்தனியாகச் செய்து கலக்குங்கள். சுழற்சி 25 முதல் 28க்குள் நிற்கட்டும். வெள்ளக்கால டிஎன்ஏவில் பழுப்பு நிறம் தெரிந்தால் அது மட்கிய பொருளின் அமிலம், பிசிஆரைத் தடுக்கும். சுழற்சியைக் கூட்டாமல் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள்.

கணக்குப் போடும்போது

இல்லுமினா இயந்திரம் தந்த வரிசைத் தரவை டாடா2 மென்பொருளில் சுத்தம் செய்து, சில்வா தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயரிடலாம். வரிசைப்படுத்தும் இயந்திரத்தின் ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியாகப் பிழை கணித்த பிறகே இணைக்க வேண்டும். பாசிகளின் பச்சையத்தைத் தாங்கும் குளோரோபிளாஸ்டிலும் 16எஸ் மரபணு உண்டு, அந்த வரிசைகளை நீக்குங்கள். எத்தனை நீக்கினீர்கள் என்பதை மட்டும் எழுதி வையுங்கள். மன்னார் வளைகுடாவில் மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூகா (ஒரு செல் கடலுயிர்) பெருக்கம் போன்ற பச்சைப் பெருக்கம் எது வந்தாலும், அந்த வாரத்தில் பாதி வரிசைகள் அப்படியே போய்விடலாம்.

அடுத்து வருவது விகிதத்தின் பொறி. கோடையில் மொத்தம் 8 லட்சம், அதில் சார்11 30 சதம் என்று வையுங்கள்: 2.4 லட்சம். மழைக்காலத்தில் மொத்தம் 16 லட்சம், சார்11 15 சதம்: அதே 2.4 லட்சம். விகிதத்தை மட்டும் பார்த்தவர் “மழையில் சார்11 பாதியாகக் குறைந்தது” என்று எழுதுவார். அது குறையவில்லை, மற்றவை சேர்ந்திருக்கின்றன. டாபி எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால்தான் இது தெரியும். சார்11இன் ஒரு செல்லில் 16எஸ் மரபணு ஒன்று. விப்ரியோவில் பத்து அளவுக்கு இருக்கும். எனவே இரண்டையும் ஒரே தராசில் வைக்காமல், ஒவ்வொரு குழுவையும் அதன் பழைய அளவோடு ஒப்பிடுங்கள்.

முகத்துவார மாதிரிகளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. இதைச் செய்யாமல் எந்த முடிவும் எழுத வேண்டாம். கிடை அச்சில் உப்பளவு, நெடு அச்சில் செல் எண்ணிக்கை. கடல் நிலையம்: உப்பு 34, 10 லட்சம். ஆற்று நிலையம்: உப்பு 0, 40 லட்சம். இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். உப்பு 17 உள்ள முகத்துவாரத்தில் வெறும் கலப்பு மட்டுமே நடந்தால் 25 லட்சம் இருக்க வேண்டும். 24 அல்லது 26 லட்சம் வந்தால் அங்கே பாக்டீரியா மாறவில்லை, நீர் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். 35 லட்சம் வந்தால் வளர்ச்சியோ அடிமண் கிளம்பியதோ நடந்திருக்கிறது. கலங்கல் எண்ணைப் பார்த்தால் எது என்று தெரியும். 15 லட்சம் என்றால் ஆற்று பாக்டீரியா உப்பில் மடிகிறது, அல்லது எதற்கோ இரையாகிறது. இதே கோட்டை ஒவ்வொரு குழுவுக்கும் தனியாகப் போடலாம். நன்னீர் ஆக்டினோபாக்டீரியா கோட்டை ஒட்டி இறங்குவதும், ஃபிளேவோபாக்டீரியா கோட்டுக்கு மேலே எழுவதும் ஒரே நாளில் நடக்கக்கூடியவை.

கடைசியாக, நீங்கள் கண்டது பருவமா அல்லது வெறும் மாற்றமா? ஓராண்டுத் தரவால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த இரண்டு மாதமும் வேறுபடத்தான் செய்யும். பெர்மனோவா (கூட்டங்கள் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) அதற்கு நட்சத்திரக் குறியும் தரும். அடுத்தடுத்த மாதிரிகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் அந்தக் குறிக்கு மதிப்புக் குறைவு. குறைந்தது இரண்டு ஆண்டு, முடிந்தால் மூன்று ஆண்டு எடுங்கள். ஒவ்வொரு ஜோடி மாதிரிக்கும் பிரே–கர்ட்டிஸ் ஒப்புமையை (இரண்டின் இனக் கலவை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் எண்) கணக்கிட்டு, அவற்றுக்கிடையிலான மாத இடைவெளிக்கு எதிராக வரையுங்கள். ஆறு மாத இடைவெளியில் ஒப்புமை இறங்கி, பன்னிரண்டில் மீண்டும் ஏறி, பதினெட்டில் இறங்கினால் அது பருவம். ஒரேயடியாக இறங்கிக்கொண்டே போனால் கரை மாறிக்கொண்டிருக்கிறது, அல்லது உங்கள் முறை மாறிக்கொண்டிருக்கிறது. எது என்று அறிய, முதல் ஆண்டில் சேமித்த மாற்று ஃபில்டர்களில் ஐந்தாறை இன்றைய கிட்டில் பிரித்தெடுத்து, இன்றைய ஓட்டத்தில் சேருங்கள். பழைய விடையே வந்தால் மாறியது கடல். இதற்காகவே ஒவ்வொரு பயணத்திலும் ஒரு ஃபில்டரைக் கூடுதலாக வடித்து, திதி, உப்பளவு, நீர் எடுத்த மணி, வடித்து முடித்த மணி நான்கையும் பென்சிலால் எழுதிய சீட்டோடு மைனஸ் 80இல் வைத்துவிடுங்கள்.